அப்பாவின் மறதிக்கு மயக்க ஊசிதான் காரணமா? அந்த ஆய்வு வேலையை நான் ஏற்கலாமா?

வாசகியின் கடிதம் – சுருக்கம்

மலேசியாவில் சுங்கை சிப்புட் அருகே ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்த 32 வயது வாசகி எழுதியிருக்கிறார். நீண்ட கடிதம். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய அப்பாவுக்கு இப்போது 76 வயது. பால்மரம் வெட்டியவர், தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு குலை வெட்டினார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. மூன்று நாள் வார்டில் காத்திருந்து நான்காம் நாள் அறுவைச் சிகிச்சை நடந்தது. முழு மயக்கம் கொடுத்தார்கள். முந்தைய நாளே கை நடுங்கியதாம். அறுவைச் சிகிச்சை முடிந்த இரவு கையிலிருந்த டிரிப்பைப் பிடுங்கினார், என்றோ இறந்துபோன அண்ணனைக் கூப்பிட்டார், "பிரட்டுக்கு நேரமாச்சு" என்று, தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் கூட்டத்துக்குக் கிளம்புவதுபோல், கட்டிலிலிருந்து இறங்கப் பார்த்தார். நாலைந்து நாளில் தெளிந்தார். "ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போன அப்பா வேறு, திரும்பி வந்த அப்பா வேறு" என்கிறார் மகள். இப்போது பேரப்பிள்ளைகளின் பெயர் தடுமாறுகிறது. தாமான் (குடியிருப்புப் பகுதி) முனையில் உள்ள கடைக்குப் போனால் வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றுவிடுகிறார்.

போகிற போக்கில் இன்னும் மூன்று விஷயங்களை எழுதியிருக்கிறார். விழுவதற்கு ஒரு வருடம் முன்பிருந்தே அப்பா மோட்டார் சைக்கிள் சாவியைத் தேடிக்கொண்டே இருப்பார், சொன்ன கதையையே திரும்பச் சொல்வார், வயதாகிவிட்டது என்று விட்டுவிட்டார்கள். மாலையில் "கொஞ்சம் போடுவார்". வார்டில் தொலைந்துவிடும் என்று பயந்து அவருடைய கண்ணாடியையும் காது மெஷினையும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

மயக்க ஊசிதான் மூளையைக் கெடுத்தது என்று குடும்பமே நம்புகிறது. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டவர் இந்த மகள். அறிவாற்றல் உளவியலில் முனைவர் பட்டம் முடித்திருக்கும் அவருக்குக் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு பல்கலைக்கழக மருத்துவமனையில் ஆய்வு விஞ்ஞானி வேலை வந்திருக்கிறது. இரண்டு ஆண்டுக் கொன்ட்ராக்ட். அறுவைச் சிகிச்சைக்காக மயக்கம் கொடுக்கப்படும் முதியவர்களின் ஞாபகமும் கவனமும் எப்படி மாறுகின்றன என்பதுதான் ஆய்வு. "உங்கப்பாவ இப்படி ஆக்குனவங்ககிட்டயே போய் வேலை செய்யப் போறியா?" என்கிறார் அம்மா. அம்மாவுக்கு 70 வயது. முட்டி தேய்ந்து, மாற்று அறுவைச் சிகிச்சைக்குப் பரிந்துரைத்தும் மறுத்துவிட்டார்.

வாசகி கேட்பவை நான்கு: அப்பாவுக்கு இப்படி ஆனது மயக்க மருந்தாலா? நான் கையெழுத்துப் போட்டது தவறா? படிக்காத வயதானவர்களை வைத்துப் பரிசோதனை செய்யும் வேலைக்கு நான் போகலாமா? அம்மாவுக்கு என்ன சொல்வது?

பதில்

அன்புத் தங்கைக்கு,

உங்கள் முதல் கேள்விதான் மற்ற மூன்றையும் பிடித்து வைத்திருக்கிறது. அப்பாவைக் கெடுத்தது மயக்க மருந்துதான் என்று முடிவு கட்டிவிட்டால், நீங்கள் போட்ட கையெழுத்து பாவமாகிவிடும், அந்த வேலை துரோகமாகிவிடும், அம்மாவும் காலத்துக்கும் முட்டி வலியோடு இருந்துவிடுவார். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். நான் மயக்கவியல் மருத்துவர். தன் துறைக்காகப் பேசுகிறார் என்று அம்மாவுக்குத் தோன்றலாம், தோன்றினால் தப்பில்லை. இதே சந்தேகம் மருத்துவர்களுக்கும் பல காலமாக இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

அப்பாவுக்கு நடந்தவை இரண்டு

அந்த நாலைந்து நாள் குழப்பம் ஒன்று. இரண்டு ஆண்டுகளாகக் கூடிக்கொண்டே வரும் மறதி இன்னொன்று. வீட்டில் இரண்டையும் ஒன்றாகவே பார்க்கிறீர்கள். பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும்.

முதலாவதற்கு டெலிரியம் என்று பெயர். திடீரென்று வரும் குழப்பநிலை. காலையில் நன்றாகப் பேசியவர் இரவில் ஆளே மாறிவிடுவார், மறுநாள் காலையில் மீண்டும் தெளிவாக இருப்பார். கவனம் ஓர் இடத்தில் நிற்காது. அப்பா பிரட்டுக்குக் கிளம்பியது இதுதான். முதியவர்களுக்குப் பெரிய அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அடிக்கடி வரும் சிக்கல் இது, இடுப்பெலும்பு முறிவில் இன்னும் அதிகம். அறுவைச் சிகிச்சையே செய்யாத நோயாளிகளுக்கும் வரும். நுரையீரல் சளிக்காகவோ சிறுநீர்க் கிருமிக்காகவோ வார்டில் படுத்திருக்கும் எத்தனையோ பெரியவர்களுக்கு, மயக்க ஊசியின் வாசனையே படாமல், இதே குழப்பம் வருகிறது. இதை அம்மாவிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

அப்பாவின் விஷயத்தில் காரணமாக இருந்திருக்கக் கூடியவற்றை உங்கள் கடிதமே சொல்கிறது. முறிந்த எலும்போடு மூன்று நாள். வலி, தூக்கமின்மை, அறுவைச் சிகிச்சை இன்று நாளை என்று தள்ளிப்போகும்போது திரும்பத் திரும்பப் பட்டினி, உடம்பில் நீர் குறைவு. காது கேட்கவில்லை, கண்ணும் சரியாகத் தெரியவில்லை. சுற்றிலும் யாரோ அவருக்குப் பிடிபடாத வேகத்தில் பேசுகிறார்கள். 2020-இல் 17 நாடுகளில் ஏறக்குறைய மூவாயிரம் இடுப்பு முறிவு நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு ஒன்று வெளியானது. முறிவைக் கண்டறிந்த ஆறு மணி நேரத்துக்குள் அறுவைச் சிகிச்சை செய்வதை இலக்காக வைத்த பிரிவில் டெலிரியம் 9 விழுக்காடு, வழக்கமான ஒரு நாள் காத்திருப்பில் 12 விழுக்காடு. உயிரிழப்பில் வித்தியாசம் இல்லை, குழப்பத்தில் இருந்தது. உங்கள் அப்பா காத்திருந்தது அதையும் தாண்டி.

அப்புறம், நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன அந்த "கொஞ்சம் போடுவார்". சங்கடமான பேச்சுதான், ஆனாலும் பேசியாக வேண்டும். தினமும் குடித்துப் பழகியவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளுக்குள் கை நடுங்கும், வியர்க்கும், இல்லாதவர்கள் கண்ணுக்குத் தெரிவார்கள். அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய நாளே கை நடுங்கியது என்று எழுதியிருக்கிறீர்கள். அது மயக்க மருந்து உடம்புக்குள் போவதற்கு முன். குடியை நிறுத்தியதால்தான் எல்லாம் நடந்தது என்று கடிதத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது. ஆனால் வார்டில் அதை யாராவது கேட்டார்களா, கேட்டபோது வீட்டார் மறைத்தார்களா? நம் குடும்பங்களில் மானத்துக்காக மறைப்பது வழக்கம். மருத்துவருக்கு முன்கூட்டியே தெரிந்தால் அதற்கு மருந்து கொடுத்துத் தடுக்க முடியும்.

அப்பாவின் நீண்டகால மறதிக்கு இப்போது வருகிறேன். 1955-இல் பெட்ஃபோர்ட் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், மயக்கம் கொடுக்கப்பட்ட பிறகு முதியவர்கள் சிலர் பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்று உறவினர்கள் சொன்னதைத் திரட்டி லான்செட் இதழில் எழுதினார். நீங்கள் சொல்வதையேதான் அந்தக் குடும்பங்களும் சொல்லியிருந்தன. 1998-இல் அதே இதழில் வெளியான பன்னாட்டு ஆய்வில் 60 வயது கடந்த 1,218 நோயாளிகளுக்கு அறுவைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஞாபகச் சோதனை வைத்தார்கள். ஒரு வாரத்தில் 25.8 விழுக்காட்டினரிடம் சரிவு தெரிந்தது, மூன்று மாதத்தில் 9.9 விழுக்காட்டினரிடம். அறுவைச் சிகிச்சையே இல்லாதவர்களையும் அதே இடைவெளியில் சோதித்தார்கள், அவர்களில் 3.4 விழுக்காடு, 2.8 விழுக்காடு. ஆக, அறுவைச் சிகிச்சைக்குப் பின் சிலருக்குச் சரிவு உண்டு என்பது உண்மைதான். பெரும்பாலானவர்களுக்கு அது மீண்டுவிடுகிறது என்பதும் உண்மை.

சரி, அந்தச் சரிவுக்கு மருந்து காரணமா, அறுவைச் சிகிச்சையால் உடம்பு முழுக்க ஏற்படும் அழற்சி காரணமா, முன்பே உள்ளே இருந்த நோய் காரணமா? மருந்துதான் முக்கியக் குற்றவாளி என்றால், முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரக்கச் செய்தவர்களுக்குக் குழப்பம் தெளிவாகக் குறைந்திருக்க வேண்டும். 2021-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,600 இடுப்பு முறிவு நோயாளிகளை வைத்து இதை நேரடியாகச் சோதித்தார்கள். டெலிரியம் முதுகு ஊசிப் பிரிவில் 20.5 விழுக்காடு, முழு மயக்கப் பிரிவில் 19.7. சீனாவில் 65 வயது கடந்த 950 பேரிடம், முதுகு ஊசியோடு வேறு எந்தத் தூக்க மருந்தும் கொடுக்காமல் செய்து பார்த்தபோதும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

இந்த இடத்தில்தான் மோட்டார் சைக்கிள் சாவி ஞாபகத்துக்கு வருகிறது. விழுவதற்கு ஒரு வருடம் முன்பே அப்பாவின் ஞாபகம் தளரத் தொடங்கியிருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. லயத்து வீட்டுத் தகரக் கூரையில் ஓட்டை இருப்பது பெருமழையில்தான் தெரியும். அப்பாவுக்கு அந்த ஏழெட்டு நாள் பெருமழை. ஏற்கெனவே ஞாபகம் தளர்ந்தவர்களுக்குத்தான் டெலிரியம் அதிகம் வருகிறது. டெலிரியம் வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் மறதி வேகமாகக் கூடுவதும் பல ஆய்வுகளில் தெரிகிறது. டெலிரியமே மூளையைச் சேதப்படுத்துகிறதா, அல்லது வரப்போகும் நோயை முன்கூட்டிக் காட்டுகிறதா என்பதில்தான் உலகம் முழுக்க ஆய்வாளர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். உங்களுக்கு வந்திருக்கும் வேலையின் நடு மையம் இந்தக் கேள்விதான்.

நீங்கள் போட்ட கையெழுத்து

இடுப்பு முறிவுக்கு அறுவைச் சிகிச்சை செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்று உங்களிடம் யாரும் சொல்லவில்லை போலும். படுக்கையோடு கிடக்க நேரும். படுக்கைப் புண், நிமோனியா, காலில் இரத்தம் உறைவது, ஒவ்வொரு முறை திருப்பும்போதும் உயிர் போகும் வலி. இன்று அப்பா கடைவரை நடந்துபோய் வழி தவறுகிறார் என்றால், நடக்கிறார் என்பதற்கு அந்த அறுவைச் சிகிச்சைதான் காரணம். நீங்கள் கையெழுத்துப் போட்டது சரி.

ஆனால் ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டும். தெளிவாக இருக்கும் வயதுவந்த நோயாளிக்குப் பதிலாகப் பிள்ளை ஒப்புதல் கொடுக்க வேண்டியதில்லை. உடம்பு அவருடையது, முடிவும் அவருடையது. அப்பா அன்று தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தார் என்றால் அவரிடம்தான் விளக்கியிருக்க வேண்டும், காது மெஷினை மாட்டி, தமிழில். நோயாளி முக்கியமாகக் கருதக்கூடிய ஆபத்துகளை மருத்துவர் சொல்லக் கடமைப்பட்டவர் என்று நம் கூட்டரசு நீதிமன்றம் 2006 இறுதியிலேயே தீர்ப்பளித்திருக்கிறது. முதியவருக்குக் குழப்பம் வரலாம் என்பது அப்படி ஓர் ஆபத்து. அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் குறை அவர்கள் பக்கம். இதற்காக வழக்குப் போடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தச் சுமையை உங்கள் தலையிலிருந்து இறக்கி வையுங்கள் என்கிறேன்.

அந்த வேலை

"வயதானவர்களை வைத்துப் பரிசோதனை" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு அனுப்பப்பட்ட வேலை விவரத்தைப் பார்த்தால், இது பெரும்பாலும் கவனித்துப் பதிவு செய்யும் ஆய்வு. அறுவைச் சிகிச்சைக்கு முன் ஞாபகச் சோதனை, மயக்கத்தின்போது நெற்றியில் ஒட்டும் பட்டை வழியாக மூளை அலைப் பதிவு, கொஞ்சம் இரத்தம், பிறகு சில நாட்களுக்குக் காலையும் மாலையும் வார்டில் டெலிரியம் சோதனை, மூன்றாம் மாதமும் ஓராண்டிலும் மறு சோதனை. எந்த மருந்து கொடுப்பது என்பதை மயக்க மருத்துவர் முடிவு செய்வார், ஆய்வு அதில் தலையிடாது. ஆபத்து குறைவு. ஆனாலும் மனிதர்களின் நேரமும் இரத்தமும் அந்தரங்கமும் சம்பந்தப்பட்டது, அதனால் விதிகள் உண்டு.

இந்த வேலையில் உங்களைப் போன்ற ஒருவர் இருக்க வேண்டும் என்று நான் ஏன் நினைக்கிறேன் என்பதைச் சொல்கிறேன்.

ஞாபகத்தையும் சிந்தனையையும் அளக்க உலகெங்கும் அதிகம் பயன்படும் மோகா (MoCA) சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். 30 மதிப்பெண். கனசதுரத்தைப் பார்த்து வரையச் சொல்லும், கடிகாரம் வரையச் சொல்லும், எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றிக் கோடு போட்டு இணைக்கச் சொல்லும். பள்ளிப்படிப்பு 12 ஆண்டு அல்லது அதற்குக் குறைவு என்றால் ஒரே ஒரு மதிப்பெண் கூட்டிக் கொடுப்பார்கள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்று, தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ளவும் ரப்பர் பால் பிடிக்கும் கொட்டு மங்கு கழுவவும் போன நம் பாட்டிக்கு அந்த ஒரு மதிப்பெண் எந்த மூலைக்கு? வாழ்க்கையில் பென்சில் பிடித்ததே குறைவு. முன்னூறு நானூறு மரங்களில் எது பால் கொடுக்கும், எது பட்டை காய்ந்தது என்று தலைக்குள் வைத்திருந்தவர் "ஞாபகக் குறைபாடு உள்ளவர்" என்று கோப்பில் ஏறுவார். படிக்காதவர்களுக்கென்றே உருவான சோதனைகளும் இருக்கின்றன. ஆப்பிரிக்க முதியவர்களுக்காக உருவான ஒன்றில், வரைவதற்குப் பதிலாகத் தீக்குச்சிகளை அடுக்கிக் காட்டச் சொல்வார்கள். எந்தச் சோதனை நம் பெரியவர்களுக்குப் பொருந்தும் என்று கூட்டத்தில் எழுந்து கேட்க, லயத்து வாழ்க்கை தெரிந்த ஒருவர் வேண்டும்.

அதைவிட முக்கியமானது ஒன்று. டெலிரியம் எல்லாம் உங்கள் அப்பாவைப் போல ஆர்ப்பாட்டமாக வராது. பலருக்கு அமைதியாக வரும். கட்டிலில் சுருண்டு படுத்து, கேட்டதற்கு "ம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டு இருப்பார்கள். தமிழ் மட்டுமே தெரிந்த ஒரு தாத்தா அப்படிப் படுத்திருந்தால், மலாயில் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு "அமைதியான நோயாளி" என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். தாதியர்மேல் குறை சொல்லிப் பயனில்லை, அவர்களுக்கு இருக்கும் வேலைச் சுமை எனக்குத் தெரியும். ஆனால் இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை. "தாத்தா, இன்னிக்கு என்ன கிழமை? காலைல யாரு வந்தாங்க?" என்று தமிழில் கேட்கத் தெரிந்தவருக்கு அரை நிமிடத்தில் பிடிபட்டுவிடும். பிடிபட்டால் காரணத்தைத் தேடலாம்: சிறுநீர் அடைப்பா, மலச்சிக்கலா, கிருமியா, வலியா என்று.

இதே தமிழ் உங்களுக்கு ஓர் ஆபத்தும் ஆகும். கிராணி (தோட்டக் கணக்கர்) நீட்டிய இடத்தில் கைநாட்டு வைத்தே பழகிய தலைமுறை அது. மருத்துவமனை உடையில், நம் முகத்தோடு, "பாட்டி" என்று கூப்பிட்டுக்கொண்டு நீங்கள் போய் நின்றால், "நம்ம புள்ள கேக்குது" என்பதற்காகவே சம்மதித்துவிடுவார்கள். படிவத்தில் என்ன இருக்கிறது என்றுகூடக் கேட்க மாட்டார்கள். பாசத்தில் வந்த சம்மதத்தை ஒப்புதல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நல்ல மருத்துவ ஆய்வு நடைமுறை விதிப்படி, எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் ஒப்புதல் பெறும்போது, ஆய்வோடு சம்பந்தமில்லாத நடுநிலைச் சாட்சி ஒருவர் பேச்சு முழுவதும் உடனிருக்க வேண்டும். எந்த நேரத்திலும் விலகலாம், விலகினாலும் மறுத்தாலும் சிகிச்சையோ வரிசையோ மாறாது என்று சொல்லியே ஆக வேண்டும். "இதில் சேர்ந்தால் உங்களுக்கு நேரடி நன்மை எதுவும் இல்லை பாட்டி" என்ற வாக்கியத்தை நீங்கள் வாய்விட்டுச் சொல்லப் பழக வேண்டும். பிறகு, அவர் புரிந்துகொண்டதை அவர் வார்த்தையிலேயே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். சொல்ல முடியவில்லை என்றால் கையெழுத்து வாங்காதீர்கள்.

சேர்வதற்கு முன் கேட்க வேண்டியவை

உங்கள் மனநிலையைப் பற்றி முதலில். மயக்க மருந்துதான் குற்றவாளி என்று நிரூபிக்க இந்த வேலைக்குப் போவதாக இருந்தால் போகாதீர்கள். டெலிரியம் சோதனையில் "கவனம் சிதறுகிறதா, இல்லையா" என்று தீர்ப்புச் சொல்வது மனிதர். முன்முடிவோடு போகும் கண்ணுக்கு எதிர்பார்த்ததே தெரிந்துகொண்டிருக்கும். அப்பாவின் கதையைச் சேர்வதற்கு முன்பே தலைமை ஆய்வாளரிடம் சொல்லிவிடுங்கள். எந்த நோயாளிக்கு என்ன மயக்கம் கொடுக்கப்பட்டது என்பது சோதனை செய்பவருக்குத் தெரியாதபடி ஆய்வு அமைந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். அமைந்திருந்தால் நோயாளிகளுக்கும் நல்லது, உங்களுக்கும் நிம்மதி.

நெறிமுறைக் குழுவின் ஒப்புதல்: பல்கலைக்கழக மருத்துவமனைக்குச் சொந்தக் குழு இருக்கும். சுகாதார அமைச்சின் மருத்துவமனைகளும் சேர்ந்தால், அமைச்சின் நெறிமுறைக் குழு ஒப்புதலும் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவும் வேண்டும். தமிழில் தகவல் தாள் தயாராக இருக்கிறதா என்று அங்கேயே கேளுங்கள். இல்லை என்றால் உங்கள் முதல் வேலை அதுதான்.

வார்டில் நீங்கள் டெலிரியத்தைக் கண்டுபிடித்தால் அதை யாரிடம் சொல்வது? கணினியில் பதிந்துவிட்டுப் போய்விட வேண்டும் என்று சொல்லும் இடத்தில் சேராதீர்கள். நோயாளியின் மருத்துவருக்கு உடனே தகவல் போகும் வழி எழுத்தில் இருக்க வேண்டும்.

பணம்: ஆய்வு நிதி எத்தனை ஆண்டுக்கு, யார் கொடுக்கிறார்கள், மருந்துக் கம்பெனி உண்டா? உங்களுக்குத் தருவது சம்பளமா, உதவித்தொகையா? சம்பளம் என்றால் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி), சொக்சோ (சமூகப் பாதுகாப்புச் சந்தா) கட்ட வேண்டும். 5,000 ரிங்கிட் வரை முதலாளியின் இபிஎஃப் பங்கு 13 விழுக்காடு, அதற்கு மேல் 12. கட்டுரைகளில் உங்கள் பெயர் எந்த இடத்தில் வரும் என்பதையும் கூச்சப்படாமல் கேளுங்கள், முனைவர் பட்டம் வாங்கியவர் நீங்கள். விடியற்காலை முதல் அறுவைச் சிகிச்சைக்கும் நிற்க வேண்டும், குழப்பம் கூடும் மாலை நேரத்திலும் வார்டில் இருக்க வேண்டும். வேலை நேரம் எப்படி என்று தெளிவாகப் பேசிக்கொள்ளுங்கள். சனி ஞாயிறு சுங்கை சிப்புட் வந்துபோக முடியுமா என்பது உங்கள் குடும்ப நிலையில் சின்ன விஷயம் இல்லை.

இவற்றுக்குத் திருப்தியான பதில் கிடைத்தால், ஏற்றுக்கொள்ளுங்கள் என்பதே என் அபிப்பிராயம்.

அம்மாவின் முட்டி

அம்மா மறுப்பது அவர் உரிமை. வற்புறுத்தாதீர்கள். ஆனால் அப்பாவின் நிலைமையையும் தன் நிலைமையையும் அவர் ஒன்றாகப் பார்க்கிறார், அதை மட்டும் திருத்துங்கள். அப்பாவுக்கு நடந்தது விபத்தில் முறிந்த எலும்பு, வலியோடு காத்திருந்த உடம்பு. முட்டி மாற்று அறுவைச் சிகிச்சை நாள் குறித்து, தயார் செய்துகொண்டு போவது. அதில் டெலிரியம் வரும் வாய்ப்பு இடுப்பு முறிவைவிடக் குறைவு. பெரும்பாலும் முதுகு ஊசியிலேயே செய்கிறார்கள், தூக்க மருந்து வேண்டாம் அல்லது மிகக் குறைவாகப் போதும் என்று கேட்கவும் செய்யலாம். குழப்பத்தைத் தடுப்பதற்காக இல்லை, அம்மாவின் பயம் குறையும் என்பதற்காகச் சொல்கிறேன்.

குழப்பத்தை உண்மையில் தடுப்பவை மிகச் சாதாரணமான காரியங்கள். 1999-இல் அமெரிக்காவில் 70 வயது கடந்த 852 உள்நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், நேரமும் இடமும் நினைவூட்டிப் பேசுவது, எழுப்பி நடக்க வைப்பது, இரவில் தூங்க விடுவது, கண்ணாடியும் காது மெஷினும் கொடுப்பது, தண்ணீர் குடிக்க வைப்பது என்று செய்த பிரிவில் டெலிரியம் 9.9 விழுக்காடு, செய்யாத பிரிவில் 15. இதில் எதற்கும் விஞ்ஞானி வேண்டாம், பக்கத்தில் ஒரு பிள்ளை இருந்தால் போதும். கண்ணாடி, பல்செட் எல்லாம் அம்மாவின் பெயர் எழுதிய டப்பாவில் கட்டிலருகிலேயே இருக்கட்டும். மயக்க மருத்துவரைப் பார்க்கும் நாளில் அம்மா சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் பையோடு கொண்டுபோங்கள், அரிப்புக்கும் சளிக்கும் கடையில் வாங்கும் பிரிட்டோன், யாரோ கொடுத்த தூக்க மாத்திரை உட்பட. இந்த இரண்டு வகையும் வயதானவர்களின் மூளையைக் குழப்பக்கூடியவை. வார்டில் தூக்கம் வரவில்லை என்று கொடுத்தாலும் "வேறு வழி உண்டா" என்று கேளுங்கள். அம்மாவை உங்கள் ஆய்வில் மட்டும் சேர்க்காதீர்கள்.

கடைசியாக அப்பா. இந்த இரண்டு ஆண்டில் அவரை யாரும் முறையாகப் பரிசோதித்ததாகக் கடிதத்தில் இல்லை. ஊசியின்மேல் பழியைப் போட்டதோடு எல்லாரும் நிறுத்திவிட்டீர்கள். அரசாங்கக் கிளினிக்கில் பரிந்துரைக் கடிதம் வாங்கி, முதியோர் மருத்துவரிடமோ மனநல மருத்துவப் பிரிவின் ஞாபகக் கிளினிக்குக்கோ கூட்டிப்போங்கள். பி12 சத்துக் குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, காது கேளாமை, விழுந்தபோதோ பிறகோ தலைக்குள் கசிந்த இரத்தம் இவற்றில் எதுவாவது இருந்தால் சரிசெய்ய முடியும். மறதி நோய் என்றே உறுதியானாலும், தனியாக வெளியே போவது, மோட்டார் சைக்கிள், பணம் இவற்றை எப்படிக் கையாள்வது என்று திட்டம் போடலாம். இன்னும் குடிக்கிறார் என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், ஆனால் நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள்.

அறுவைச் சிகிச்சை நடந்த மருத்துவமனையில், கட்டணம் கட்டி அப்பாவின் மருத்துவ அறிக்கைக்கு விண்ணப்பிக்கலாம். என்ன மருந்து கொடுத்தார்கள், இரத்தத்தில் உப்பு எவ்வளவு இருந்தது, கிருமி இருந்ததா என்பதெல்லாம் புதிய மருத்துவருக்கு உதவும். அறிக்கை வர வாரக்கணக்கில் ஆகலாம், அதனால் அதை முதலில் செய்யுங்கள். வேலைக்குப் பதில் சொல்ல இரண்டு வாரம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், நேரம் போதும்.